ஆக்டிங் டிரைவரின் ஒரு நிமிடம்

அவலூர்பேட்டையில் டர்போ போன கார் ஒன்று மெக்கானிக் ஷெட்டில் வந்து நின்றால், சுற்றி நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாருப்பா ஓட்டினது?" என்பது. "கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?" என்ற கேள்வி அப்புறம் வரும், சில சமயம் வராமலே போகும். இந்த வரிசையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருள் மெதுவாக, பல கைகளில், பல வருஷங்களாகக் கெட்டு, கடைசியில் யாரோ ஒருத்தர் கையில் உடைகிறது. அப்போது அது யார் செய்த தப்பு? இந்தக் கேள்வியைத் தத்துவப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, ஆயில் கறை படிந்த ஒரு சிமென்ட் தரையில் நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு "செஞ்சி பக்கம்" என்று சொன்னால் சிலருக்குப் புரிகிறது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அவலூர்பேட்டை என்பது ஒரு ரோட்டின் பெயர். இங்கே மல்லாட்டையும் நெல்லும் தவிர இளைஞர்களுக்கு இருக்கிற ஒரு பிழைப்பு வாடகை வண்டி. அந்தத் தொழில் நிலாவை நம்பி ஓடுகிறது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். அந்த இரண்டு ராத்திரியும் வண்டி கிடைப்பது கஷ்டம். வண்டி கிடைத்தாலும் ஓட்ட ஆள் கிடைக்காது. அப்போதுதான் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார்கள். ஒரு டிரிப்புக்கு, ஒரு நாளுக்கு மட்டும் வந்து ஓட்டிக் கொடுத்துவிட்டு பேட்டா வாங்கிக்கொண்டு போகிறவர். வண்டி அவருடையது இல்லை. நாளைக்கு அதே வண்டி அவர் கைக்கு வரும் என்பதும் நிச்சயமில்லை. "யாருப்பா ஓட்டினது?" என்ற கேள்வி தேடிப் போகிற ஆள் பெரும்பாலும் இவர்தான்.

அவர்மேல் என்ன குற்றச்சாட்டு என்று புரிய, டர்போவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற புகை வழியில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலை அதிகம் எரிக்கலாம், சின்ன இன்ஜினிலேயே பெரிய இழுவை கிடைக்கும். வீணாய்ப் போகிற புகையிலிருந்து பலம் எடுக்கிற இந்த யோசனைக்கு ஆல்ஃபிரெட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். எங்கள் ஊர் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்துசேர அதற்குச் சரியாக நூறு வருஷம் ஆனது. அம்பாசடர் டீசலில் டர்போ கிடையாது, குவாலிஸிலும் கிடையாது. 2005-ல் வந்த இன்னோவாவில் இருந்தது. பிறகு ஸ்விஃப்ட் டீசல், டிசையர் என்று எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

அந்தத் தண்டு பேனா பருமன்கூட இருக்காது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். இன்ஜினே நான்காயிரம், ஐந்தாயிரம்தான் சுற்றும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் ஒரு பக்கம் எழுநூறு எண்ணூறு டிகிரி புகை, ஒரு சாண் தூரத்தில் மறுபக்கம் சாதாரணக் காற்று. நடுவில் பேரிங். இவ்வளவு வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் அடுத்த நொடியே தேய்ந்து போகும். தொடாமல் இருப்பதற்குக் காரணம் ஆயில். தலைமுடி கனம்கூட இல்லாத ஓர் ஆயில் படலத்தின் மேல் அந்தத் தண்டு மிதக்கிறது. அதே ஆயில்தான் அங்கே சேரும் சூட்டையும் சுமந்துகொண்டு போகிறது. அடியில் சம்ப்பில் கிடக்கிற ஆயிலை பம்பு உறிஞ்சி, ஃபில்டர் வழியாக அனுப்பி, ஒரு மெல்லிய குழாயில் டர்போவுக்கு ஏற்றுகிறது. வேலை முடிந்த ஆயில் இன்னொரு தடித்த குழாய் வழியாகத் தன் கனத்தாலேயே கீழே இறங்குகிறது. மெல்லிய குழாயில் கொஞ்சம் கரி படிந்தால் போதும், டர்போ பட்டினி. இன்ஜினின் மற்ற பாகங்கள் அழுக்கு ஆயிலையும் குறைந்த ஆயிலையும் வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் சமாளிக்கும். டர்போவால் அந்த அளவுக்குச் சமாளிக்க முடியாது.

சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். ஆனால் தண்டு இன்னும் சில நொடிகள் சுற்றும். புகைப் பக்கத்துச் சூடு மெல்ல பேரிங் பக்கம் ஊரும். ஓட்டம் நின்றுபோன ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். அதனால்தான் பல வண்டிகளின் கையேட்டில், வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் உடனே அணைக்காதீர்கள், கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு அணையுங்கள் என்று போட்டிருக்கும். சாதாரண ஓட்டத்துக்குத் தேவையில்லை, ஹைவே வேகத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம், மலை ஏறி வந்தால் இரண்டு நிமிடம் என்பதுபோல ஒரு கணக்கு. அந்த ஒரு நிமிடத்துக்கு ஆகிற டீசல் பத்துப் பதினைந்து மில்லிதான், இரண்டு ரூபாய்கூட வராது.

ஆக்டிங் டிரைவர்மேல் இருக்கிற குற்றச்சாட்டு இதுதான்: அந்த ஒரு நிமிடத்தை அவர் கொடுப்பதில்லை.

பழைய வண்டிகளில் இந்தக் குற்றமே சாத்தியமில்லை. மாட்டு வண்டிக்கு வண்டி மை போடாவிட்டால் அச்சு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். மாடு இரைத்தால் நுரை தள்ளும். எங்கள் தாத்தா கிணற்றில் வைத்திருந்த ஆயில் இன்ஜின் வயக்காட்டின் அந்தக் கோடிவரை கேட்கும். சத்தம் மாறினால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் கையைக் கழுவிவிட்டு ஓடுவார். தப்பும் அதன் விளைவும் ஒரே ஆள் காதில் விழுகிற தூரத்தில் இருந்தன. டர்போ அப்படிச் சொல்லாது. இன்று செய்ததை நாற்பதாயிரம் கிலோமீட்டர் கழித்து, வேறு ஊரில், வேறு ஆளிடம் சொல்லும்.

எங்கள் வீட்டில் அது சொன்ன இடம் பெரியப்பா மகன், என் அண்ணன். அண்ணியின் நகையை வைத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினான். ஆர்சி புக்கில் அவன் மூன்றாவது ஓனர். மூன்று மாசம் நன்றாக ஓடியது. அப்புறம் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆம்புலன்ஸ் தூரத்தில் வருகிற மாதிரி ஒரு விசில், பின்னால் நீலப் புகை. ஓர் அமாவாசை ராத்திரி மலையனூர் டிரிப் முடிந்து வந்தபோது ரொம்ப மோசமாகிவிட்டது. அன்றைக்கு ஓட்டினவர் எங்கள் தெருவில் நாங்கள் மாமா என்று கூப்பிடுகிற ஒருத்தர். அம்பாசடர் காலத்து டிரைவர், ஐம்பதைத் தாண்டியவர்.

"மாமா, நிறுத்தின உடனே ஆஃப் பண்ணீங்களா?"

"பின்ன? போலீஸ்காரரு பின்னால தட்டிக்கினே இருக்காரு, ஓரங்கட்டு ஓரங்கட்டுன்னு. உள்ள இருக்கிற பொம்பளைங்க எறங்கணும்னு அவசரப்படுறாங்க. அதுல நான் வண்டிய ஓட வுட்டுட்டு குந்திக்கினு இருக்கட்டுமா?"

அண்ணன் அன்றைய பேட்டாவைக் கொடுக்கவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேய தத்துவவாதி 1984-ல் வெளிவந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' என்ற புத்தகத்தில் ஒரு கற்பனை சொல்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு கைதி. வலி கொடுக்கிற கருவியின் விசையை ஒவ்வொருவரும் தன் கைதிமேல் ஆயிரம் முறை திருப்புவார். ஒரு திருப்பில் வலி கூடியதே தெரியாது, ஆயிரம் சேர்ந்தால் தாங்க முடியாது. பிறகு முறை மாறுகிறது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவார். அது ஆயிரம் கைதிகளின் விசையையும் ஒரே ஒரு தடவை திருப்பும். ஆயிரம் பேரும் அழுத்திய பிறகு கைதிகளுக்கு அதே பழைய வலி. ஆனால் எந்த ஒருவரும் எந்த ஒரு கைதியின் வலியையும் உணரும்படி கூட்டவில்லை. "நான் யாரையும் துன்புறுத்தவில்லை" என்று ஆயிரம் பேரும் சொல்லலாம். தனியாகப் பார்த்தால் யாரையும் பாதிக்காத ஒரு செயலும், சேர்ந்து பாதிக்கிற செயல்களில் ஒன்றாக இருப்பதால் தப்பாக முடியும் என்பது பார்ஃபிட்டின் வாதம்.

இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் நினைவு வந்தது. ஒரு தடவை சட்டென்று அணைத்து எந்த டர்போவும் செத்ததில்லை. ஆயிரம் தடவையில் சாகலாம். அந்த ஆயிரத்தை ஐம்பது ஆக்டிங் டிரைவர்கள் பிரித்துக்கொண்டால் யாரைப் பிடிப்பது? பார்ஃபிட்டின்படி ஐம்பது பேரும் பொறுப்பு. முதலில் இது எனக்குச் சரியாகப்பட்டது. யோசிக்க யோசிக்க இந்த உவமை மாமாவுக்குப் பொருந்தவில்லை.

பொத்தானை அழுத்துகிறவனுக்கு அது எந்தக் கருவியோடு இணைந்திருக்கிறது என்று தெரியும். மாமாவுக்கு யாரும் சொன்னதில்லை. கையேடு முதல் ஓனர் வீட்டுப் பரணிலேயே தங்கிவிடுகிறது. வண்டி கைமாறும்போது சாவி வரும், ஆர்சி வரும், அது வராது. சொல்ல வேண்டியது ஓனரின் கடமை. பல ஓனர்கள் சொல்வது நேர்மாறாக இருக்கும்: "இன்னாத்துக்கு சொம்மா ஓட வுடுற, டீசல் என்ன தண்ணியா?"

அடுத்தது இன்னும் முக்கியம். அந்த ராத்திரி மேல்மலையனூரில் கடைசிக் கிலோமீட்டர்களை வண்டி ஊர்ந்துதான் போயிருக்கும். அமாவாசைக் கூட்டத்தில் யாரும் எண்பதில் போய் நிறுத்த முடியாது. முதல் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்த வண்டியின் டர்போ ஏற்கெனவே ஆறிப்போய்த்தான் இருக்கும். அதை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் காத்திருந்தாலும் காத்திருக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மேலும் இப்போது வருகிற பல டர்போக்களுக்கு ஆயிலோடு தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. ஹைவேயில் பறந்து வந்து டோல்கேட் பக்கத்து ஹோட்டலில் சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் உண்மையான கடமை, சந்தேகமில்லை. மாமாவுக்கு அன்றைக்கு அது அப்படி இருக்கவில்லை.

மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது இது வேறு மாதிரித் தெளிவானது. டர்போவுக்கு ஆயில் ஏற்றுகிற மெல்லிய குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பாதி அடைப்பு. "ஹார்ட் பேஷண்டு மாதிரி இருக்குது பாரு தம்பி" என்றார். மேலே ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் கறுப்பு அல்வா மாதிரி படிந்திருந்தது. தண்டை விரலால் ஆட்டினால் காற்றாடியின் நுனி ஓட்டில் இடிக்கிற அளவுக்கு ஆடியது. "இது ஒரு ராத்திரியில ஆன வேல இல்ல. ரெண்டு மூணு தபா மாத்த வேண்டிய ஆயிலை மாத்தாமலே ஓட்டியிருக்கான் எவனோ. கொறையக் கொறைய மேல ஊத்தி ஊத்தியே ஓட்டியிருக்கான்."

அந்த எவனோ முதல் ஓனராகவோ இரண்டாவது ஓனராகவோ இருக்கலாம். அல்லது ஆயில் மாற்றியதாகப் பில் போட்டு மாற்றாமலே விட்ட ஏதோ ஒரு சர்வீஸ் ஷெட்டாக இருக்கலாம். ஆனால் ஆயில் மாற்றுவதில் ஆயிரம் பேரின் ஆயிரம் பொத்தான் கிடையாது. பத்தாயிரம் கிலோமீட்டரோ ஒரு வருஷமோ, கையேடு சொல்கிற கணக்கு வரும்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்: இப்போது மாற்றலாமா, அடுத்த மாசம் பார்க்கலாமா. மூன்று மூன்றரை லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், கூலி. டர்போ டீசலுக்கு உரிய கிரேடு போட்டால் செலவு கூடும். "எல்லா ஆயிலும் ஆயில்தானே" என்று டிராக்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை ஊற்றினால் குறையும். அந்த முடிவுக்கு ஒரு தேதி உண்டு, ஒரு ஆள் உண்டு. அவர் ஓனர்.

சுற்றி நிற்பவர்கள் "யாருப்பா ஓட்டினது?" என்று முதலில் கேட்பது இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. செலவில்லாத கவனத்தை நமக்குக் கீழே இருக்கிறவரிடம் கறாராகக் கேட்கிறோம். காசு ஆகிற கவனத்தை நாமே தள்ளிப்போடுகிறோம். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பைச் சடங்குபோலச் செய்கிற ஓனர்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் வண்டியை ஓட விட்டுவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருப்பார்கள், "டர்போ வண்டி, உடனே அணைக்கக் கூடாது." டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். ஆயுத பூஜைக்குப் பானெட்டின் மேல் சந்தனம் வைப்போம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம், ஸ்டார்ட் பண்ணிய கையோடு உறுமவும் விடுவோம். ஆயில் அழுத்தம் டர்போவரைக்கும் ஏற சில நொடி ஆகும், அதற்குள் உறுமினால் வறட்டுத் தண்டுதான் சுற்றும் என்பது யாருக்கும் தோன்றாது. அந்தப் பானெட்டைத் திறந்து உள்ளே பார்க்கிற நாள் பூஜைப் பட்டியலில் இல்லை. (சாமி கும்பிடுவதை நான் கிண்டல் செய்யவில்லை. கும்பிட்ட கையோடு ஒரு துணியை எடுத்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கலாமே என்கிறேன்.)

மெக்கானிக் சொன்னதைக் கேட்ட பிறகு அண்ணன் மாமாவின் பேட்டாவை ஜிபேயில் அனுப்பினான். கூடவே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. மாமா அதற்கப்புறம் அவன் வண்டிக்கு வரவே இல்லை.

இனி உண்மையில் கஷ்டமான கேள்வி. டர்போவை ரீகண்டிஷன் செய்து, குழாய்களைப் புதிதாகப் போட்டு, சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு அண்ணனின் பல மாசத் தவணை. அந்த வாரமே ஒரு புரோக்கர் வீடு தேடி வந்தார். அவர் கெட்டவர் இல்லை, எங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்யத்தான் வந்தார்.

"கெட்டி ஆயிலா ஊத்து தம்பி. பொகை ரெண்டு வாரம் தெரியாது. வேலூர்ல ஒரு பார்ட்டி கீறாரு, ரேட்டு படிஞ்சிடும். உங்கிட்ட ஒருத்தன் இப்படித்தான தள்ளிவுட்டான்? நீ ஏன் செமக்கணும்?"

இந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. அண்ணன் அந்தச் சேதத்தைச் செய்யவில்லை. பொத்தானை அழுத்திய ஆயிரம் பேரில் அவன் ஒருவனே இல்லை. ஏமாற்றப்பட்டவன். நகை அடகில் இருக்கிறது. வேறு யாரோ செய்த சேதத்தின் முழு விலையையும் கடைசியாக வண்டியைத் தொட்டவன் ஏன் கொடுக்க வேண்டும்? நியாயம் என்பது சேதத்தைச் செய்தவனிடமிருந்து வாங்குவது. அவனைக் கண்டுபிடிக்க முடியாதபோது, அதை இன்னொரு அறியாதவன் தலையில் கட்டுவது அநியாயம் என்றால், நம் தலையிலேயே வைத்துக்கொள்வதும் அநியாயம்தான். இரண்டு அநியாயங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே மீதி.

எனக்கு இதில் ஒரே ஒரு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. முந்தைய ஓனர் ஆயில் மாற்றாதபோது, அது யார் கையில் போய் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாது, ஒருவேளை வெடிக்கும் என்பதே தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். தண்டு ஆடுவதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். இப்போது கெட்டி ஆயில் ஊற்றினால், அது அசட்டையின் வரிசையில் இன்னொன்றாகச் சேராது. முதல் முறையாக ஒருத்தர் தெரிந்தே செய்கிற காரியமாக இருக்கும். வேலூர் பார்ட்டியும் யாரோ ஒருவரின் நகையோடுதான் வருவார். அது மட்டுமில்லை. டர்போவின் சீல் முழுசாகப் போனால் ஆயில் காற்றுக் குழாய்க்குள் புகுந்து, டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு முடக்க வேண்டும், இல்லையென்றால் காற்று போகிற வழியை அடைக்க வேண்டும். குடும்பத்தோடு ஹைவேயில் போகிற ஒருவருக்கு அந்த நேரத்தில் இது தோன்றுமா?

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "உனக்கென்ன, நீ பேசுவ" என்றான். அது நியாயமான பதில். தவணை என்னுடையது இல்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வண்டியை மெக்கானிக்கிடமே விட்டான். கடன் இன்னும் கொஞ்சம் ஏறியது. எந்த வாதம் அவனை மாற்றியது என்று நான் கேட்கவில்லை. அண்ணி ஏதோ சொல்லியிருப்பாள் என்பது என் ஊகம்.

இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு அதை விற்றபோது, டர்போ பில்லையும் ஒவ்வொரு ஆயில் பில்லையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனான். சேத்துப்பட்டிலிருந்து வந்த பையன் அந்த டர்போ பில்லைப் பார்த்ததும் முகம் மாறி, பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டான். டர்போ மாற்றிய வண்டி என்றால் சீக்கு வண்டி. மாற்றாத வண்டி, அதாவது உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வண்டி, நல்ல வண்டி. சந்தையின் கணக்கு அப்படி. புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார், "அந்தப் பில்ல ஏன்டா காட்டின?" கடைசியில் பன்னிரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தான்.

ஒரு மாசம் கழித்து அந்தச் சேத்துப்பட்டுப் பையன் அண்ணனுக்குப் போன் பண்ணினான். ஏதோ தகராறு என்று நினைத்து அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ண்ணா, நீங்க ஊத்தின ஆயில் எந்த கிரேடு? இங்க கடையில வேற ஒண்ணு குடுக்கிறாங்க, வெல கம்மியா இருக்குது. அத ஊத்தலாமா?"

அண்ணன் கிரேடைச் சொன்னான். விலை எவ்வளவு வரும் என்று பையன் கேட்டான். அதையும் சொன்னான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"சரிண்ணா. அடுத்த மாசம் பாக்குறேன்."